முதல் லெவல் ட்ரூயிடுக்கு விலங்குத் துணை: ஓநாயா, புலியா, கழுகா? (பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு)

#1 மலைமுகடு

வணக்கம். பாத்ஃபைண்டர் (பகடை உருட்டி மேசையில ஆடுற கதாபாத்திர விளையாட்டு) முதல் பதிப்பு, கோர் ரூல்புக் (அடிப்படை விதிப் புத்தகம்) மட்டும். முதல் லெவல் ட்ரூயிட் (இயற்கையோட சேர்ந்த மந்திரவாதி) போடுறேன். ஷீட்ல எல்லாம் நிரப்பியாச்சு, விலங்குத் துணைதான் பாக்கி.

குழுவுல ரெண்டு கையால பெரிய வாள் வீசுற ஃபைட்டர், ரோக், கிளெரிக், அப்புறம் ட்ரூயிட். ஜிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) சொன்னது: முதல் லெவல்ல ஆரம்பிச்சு ஆறாவது லெவலோட கதை முடியும். முதல் பாதி முழுக்கக் கைவிட்ட சுரங்கம், நடைபாதை பெரும்பாலும் 5 அடி அகலம். கோப்ளின் (சின்ன உருவ எதிரி) நிறைய வரும்னு குறிப்பு கொடுத்திருக்கார்.

ஓநாய், பெரிய பூனை (புலி), கழுகு, இந்த மூணுல ஒண்ணு. எங்க தேடினாலும் "புலிய எடு, யோசிக்காதே" என்கிறாங்க. ஏன்னு யாரும் சொல்றதில்ல. எண்களோட சொன்னீங்கன்னா உபகாரமா இருக்கும். கையில 70 தங்கக் காசு இருக்கு, அதுல எவ்வளவு மிருகத்துக்கு ஒதுக்கணும்னும் சொல்லுங்க.

#2 டி20_தாத்தா

"புலிய எடு" என்பவங்க பாதிப் பேர் ஏழாவது லெவலை மனசுல வச்சுப் பேசுறாங்க. பெரிய பூனைக்குப் பவுன்ஸ் (சார்ஜ் பண்ணின அதே சுற்றுல முழுத் தாக்குதல்) வர்றது ட்ரூயிட் ஏழுல. உங்க கதை ஆறுல முடியுது. அதனால அந்த வாதத்தை முதல்ல தூக்கி ஓரமா வைங்க.

முதல் லெவல்ல எந்தத் துணைக்கும் 2 ஹிட் டைஸ் (ஹெச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, உருட்டுற பகடை; டி8-னா எட்டு முகம்), அடிப்படைத் தாக்குதல் +1. மூணையும் சராசரி ஹெச்பி போட்டு எழுதினா:

ஓநாய்: மீடியம், வேகம் 50 அடி, ஏசி (அதை அடிக்க உருட்டல் எட்ட வேண்டிய எண்) 14, ஹெச்பி 13. ஒரே கடி, +2, சேதம் 1டி6+1, கடி பட்டா இலவசமா ட்ரிப் (கீழ விழ வைக்கிற) முயற்சி. மோப்பம் உண்டு.

புலி: மீடியம், வேகம் 40 அடி, ஏசி 14, ஹெச்பி 11. கடி +2 (1டி6+1), ரெண்டு நகம் +2 (தலா 1டி4+1). மோப்பம் உண்டு. ரேக்னு (பிடியில இருக்கிற எதிரியைக் கூடுதலா கிழிக்கிறது) எழுதியிருக்கும், ஆனா கிராப் (அடி பட்டதும் பிடிச்சுக்கிறது) ஏழுலதான் வருது. அதுவரைக்கும் அந்த வரி ஷீட்ல அலங்காரத்துக்கு.

கழுகு: ஸ்மால், தரையில 10 அடி, பறந்தா 80 அடி, ஏசி 14, ஹெச்பி 11. அலகு, ரெண்டு கால்நகம், மூணும் +2, தலா 1டி4. மோப்பம் இல்ல.

கோப்ளினுக்கு ஏசி 16, ஹெச்பி 6. +2 வச்சு அடிக்க டி20-ல 14 விழணும், 35 சதவீதம். நின்ன இடத்துல முழுத் தாக்குதல் பண்ணினா புலிக்குச் சுற்றுக்குச் சராசரி 4 சேதம், ஓநாய்க்கு 1.6. கிரிட்டிக்கல் சேர்க்கல. நடந்து போய் அடிச்சா ரெண்டுக்கும் ஒரே கடிதான், அப்போ வித்தியாசமே இல்ல.

#3 பச்சைக்கண்

தாத்தா, ஓநாயோட ட்ரிப்பைக் கணக்குல சேர்க்கவே இல்லியே. எதிரி விழுந்தா அவனோட ஏசி கைச்சண்டைக்கு 4 குறையும், அவன் அடிக்கிறது 4 குறையும், எழுந்திரிச்சா பக்கத்துல நிக்கிற எல்லாருக்கும் ஒரு இலவச அடி. பெரிய வாள் ஃபைட்டர் இருக்கிற குழுவுக்கு இதைவிட வேற என்ன வேணும்? என் ஓட்டு ஓநாய்க்கு.

இன்னொண்ணு, புலி பெருசு. 5 அடி நடைபாதையில நெருக்கிக்கிட்டுப் போகணும்: அடிக்க −4, ஏசி −4, ஒவ்வொரு கட்டமும் ரெண்டு கட்டமாக் கணக்கு. சுரங்கத்துக்கு ஒத்தே வராது.

#4 டி20_தாத்தா

ரெண்டாவது பாராவுல தப்பு இருக்கு தம்பி. ஓநாயும் சரி பெரிய பூனையும் சரி, மீடியமாத்தான் ஆரம்பிக்குது. ரெண்டுமே ஏழாவது லெவல்லதான் லார்ஜ் ஆகுது. ஆறோட முடியிற கதையில நெருக்கம்ங்கிற பேச்சே இல்ல. ஏழைத் தாண்டிப் போறவங்களுக்கும் வழி உண்டு: பட்டியல்ல இருக்கிற வளர்ச்சி வேண்டாம்னு விட்டுட்டு டெக்ஸ் (சுறுசுறுப்பு) +2, கான் (உடல் உறுதி) +2 மட்டும் வாங்கிக்கலாம். இல்லாட்டி வளரவிட்டு, குகைக்குள்ள நுழையிற அன்னிக்கு ரெட்யூஸ் அனிமல் (மிருகத்தைச் சின்னதாக்குறது) போடலாம். ரெண்டாம் நிலை ஸ்பெல், லெவலுக்கு ஒரு மணி நேரம் நிக்கும்.

ட்ரிப் விஷயத்துக்கு வர்றேன். "ஓநாய் கடிச்சா விழுந்துருவான்" என்பது கேக்க நல்லா இருக்கு. ட்ரிப்புக்கு முதல்ல கடி படணும், அப்புறம் சிஎம்பி (விழ வைக்கிறது மாதிரி வித்தைக்கான தாக்குதல் எண்) உருட்டல் ஜெயிக்கணும். முதல் லெவல் ஓநாய்க்கு சிஎம்பி +2, கோப்ளினோட சிஎம்டி (அதைத் தடுக்கிற எண்) 12. அதாவது 55 சதவீதம். கடி பட 35. பெருக்கிப் பாருங்க, 19 சதவீதம்தான் வருது. அஞ்சு கடிக்கு ஒருத்தன் விழுவான். 6 ஹெச்பி கோப்ளினுக்கு அஞ்சு சுற்று காத்திருக்கிறதுக்குள்ள ஃபைட்டர் நாலு பேரை வெட்டிருப்பார்.

#5 ஷீட்_பைத்தியம்

அஞ்சாவது லெவலுக்கும் போட்டுப் பார்ப்போம். எதிரி ஓகர் (லார்ஜ் அளவு அரக்கன்): ஏசி 17, சிஎம்டி 18.

ட்ரூயிட் 5-ல துணைக்கு 5 ஹிட் டைஸ், தாக்குதல் +3, ஸ்ட்ரெங்த், டெக்ஸ் தலா +1, இயற்கைக் கவசம் +2. ஓநாய்க்கு ஸ்ட்ரெங்த் 14 ஆகுது (நாலாவது லெவல் புள்ளியைப் போட்டா 15, போனஸ் மாறாது). கடி +5, சேதம் 1டி6+3, சிஎம்பி +5. கடி பட 45 சதவீதம், விழ வைக்க 40. மொத்தம் 18. லெவல் ஏறினாலும் முன்னேற்றம் ஒண்ணும் காணோம், ஏன்னா எதிரியும் கூடவே ஏறுறான்.

ஆனா ஓநாயைச் சும்மா அனுப்பக் கூடாது. கடிக்கு வெப்பன் ஃபோகஸ் (+1), எதிர்ப்பக்கம் ரோக் நிக்கிற மாதிரி ஃபிளாங்க் (+2), மேல ஒரு புல்ஸ் ஸ்ட்ரெங்த் (ஸ்ட்ரெங்த் +4, அடிக்கும் சிஎம்பிக்கும் +2). இப்போ கடி +10, அது பட 70 சதவீதம். ட்ரிப் உருட்டலுக்கும் இதே மூணு போனஸும் சேரும்: சிஎம்பி +10, ஜெயிக்க 65. மொத்தம் 45. ரெண்டு கடிக்குக் கிட்டத்தட்ட ஒரு ஓகர் விழுந்தா அது நல்ல பேரம். விலை: ரெண்டாம் நிலை ஸ்பெல் ஒண்ணு, ஒரு ஃபீட் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கிற சிறப்புத் திறன்).

அதே அஞ்சாவது லெவல் புலி, ஸ்பெல் எதுவும் இல்லாம, அதே ஓகரை நின்னு அடிச்சா சுற்றுக்கு 6.5. ஓநாய் 2.9.

ட்ரிப் பிடிச்சவங்க மறந்துடற சில விஷயம்: தன்னைவிட ஒரு அளவுக்கு மேல பெருசா இருக்கிறவனை விழ வைக்க முடியாது. பறக்கிறது, பாம்பு, ஊஸ் (கூழ் மாதிரி ஜந்து), இதுங்க விழாது. நாலு காலுள்ள மிருகத்துக்கு சிஎம்டி +4. இம்ப்ரூவ்ட் ட்ரிப் எடுத்துச் சமாளிக்கலாம்னா, அதுக்கு முன்னாடி காம்பாட் எக்ஸ்பெர்ட்டீஸ் வேணும், அதுக்கு இன்ட் (அறிவு) 13 வேணும். ஓநாய்க்கு இன்ட் 2. முக்கியமா, கீழ கிடக்கிறவனுக்குத் தூரத்து ஆயுதங்களுக்கு எதிரா ஏசி 4 *கூடும்*. வில்லாளியோ, ரே ஸ்பெல் வீசுற விசார்டோ இருக்கிற குழுவுல ஓநாய் ஒவ்வொரு தடவை வெற்றி பெறும்போதும் அவங்க பல்லைக் கடிப்பாங்க. மலைமுகடு குழுவுல அப்படி யாரும் இல்ல, அது ஓநாய்க்குச் சாதகம்தான்.

#6 வல்லூறு

எல்லாரும் கழுகை மறந்திட்டீங்கள். 80 அடி பறப்பு எண்டால் சும்மாவே? முதல் லெவலிலேயே மேலால போய்ப் பாத்திட்டு வரலாம், பள்ளத்தைத் தாண்டலாம், பொறி மேல கால் வைக்கத் தேவையில்லை. மூண்டு தாக்குதல், புலிக்குச் சமன். வெளியால நடக்கிற கதைக்கு இதுக்கு மிஞ்சி ஒண்டும் இல்லை.

#7 டி20_தாத்தா

வெளிய நடக்கிற கதைக்குச் சரி, வல்லூறு. இது சுரங்கம். கூரை எட்டடி இருந்தா பறந்து என்ன பண்ண? கழுகுக்கு லோ-லைட் பார்வை (மங்கின வெளிச்சத்துல தெரியிறது) மட்டும், டார்க்விஷன் (முழு இருட்டுல தெரியிறது) கிடையாது, மோப்பமும் கிடையாது. இருட்டுல கோழி மாதிரி நிக்கும்.

உளவு வேலைக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. இன்ட் 2 மிருகம் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லாது. ஸ்பீக் வித் அனிமல்ஸ் போடணும், லெவலுக்கு ஒரு நிமிஷம்தான். போட்டாலும் "எத்தனை பேர்?" னு கேட்டா "நிறைய" னு பதில் வந்தா ஜிஎம்மைக் குறை சொல்ல முடியாது.

#8 வல்லூறு

இருட்டு விசயம் சரி, ஒப்புக்கொள்ளுறன். ஆனா அது புலிக்கும் ஓநாய்க்கும் பொருந்தும்தானே? அதுகளுக்கும் டார்க்விஷன் இல்லை. மோப்பம் எண்டாலும் 30 அடிக்குத்தான் பிடிபடும், ஆள் எந்தக் கட்டத்தில நிக்கிறான் எண்டு 5 அடிக்குள்ள வந்தாத்தான் தெரியும். சுரங்கத்துக்குப் போறவர் ஒவ்வொரு நாளும் லைட் எண்ட ஓரிசனை (எத்தனை தரமும் போடக்கூடிய சின்ன ஸ்பெல்) தயார் பண்ணி மிருகத்தின்ர கவசத்தில போட்டு விடவேணும். 20 அடிக்கு வெளிச்சம், லோ-லைட் பார்வைக்கு அது இரட்டிப்பாத் தெரியும். ஆளுக்கு ஒரு லைட்தான் ஒரு நேரத்தில எரியும் எண்டதையும் கவனியுங்கோ. ஃபைட்டருக்குக் கிளெரிக் போடட்டும்.

#9 மலைமுகடு

இது எனக்குத் தோணவே இல்ல, நன்றி அண்ணா. லைட்டைக் குறிச்சுக்கிட்டேன்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, டி&டி (டஞ்சன்ஸ் & டிராகன்ஸ்) 3.5 பதிப்பு தெரிஞ்ச ஒருத்தர் "முதல் லெவல்ல புலி கிடைக்காது, ஏழுலதான்" என்கிறார். ரெண்டு, தந்திரங்கள் (ட்ரிக்ஸ்). எத்தனை, எது?

#10 டி20_தாத்தா

அவர் சொல்றது அவர் புத்தகத்துக்குச் சரி. 2003-ல வந்த 3.5-ல புலி, சிங்கம் எல்லாம் ஏழாவது லெவல் ட்ரூயிடுக்கான மாற்றுப் பட்டியல்ல இருந்துச்சு. அங்க ஓநாயை அனுப்பிட்டுப் புலியைக் கூப்பிடுவாங்க. 2009-ல பாத்ஃபைண்டர் வந்தப்போ இதை மாத்திட்டாங்க: முதல் லெவல்லயே சின்னப் புலி, அதே மிருகம் உங்களோட வளரும். இணையத்துல கிடைக்கிற பழைய ஆலோசனைகள்ல ரெண்டும் கலந்து கிடக்கும். "லெவல் −3", "லெவல் −6" னு பார்த்தா அது 3.5 பக்கம், மூடிருங்க. (ரேஞ்சருக்கு மட்டும் பாத்ஃபைண்டர்லயும் லெவல் −3 உண்டு, அது வேற கதை. நாலாவது லெவல்லதான் துணை வரும், பட்டியலும் குறுகினது, பெரிய பூனை அதுல இல்ல.)

தந்திரங்களைப் பத்தி ஷீட்_பைத்தியம் சொல்லட்டும்.

#11 ஷீட்_பைத்தியம்

பாதிப் பேர் ஷீட்ல தப்பா எழுதுற இடமே இதுதான்.

இன்ட் 2 உள்ள மிருகம் 6 தந்திரம் கத்துக்கும். முதல் லெவல் துணைக்குப் போனஸ் 1. ஆக 7. போனஸுக்குப் பயிற்சி நேரமும் வேணாம், உருட்டலும் வேணாம். மத்த ஆறும் கதை தொடங்கும்போதே தெரியுமா, வாரம் ஒண்ணா சொல்லித்தரணுமா என்பதை ஜிஎம்கிட்ட முதல் நாளே கேட்டுருங்க. தெரியும்னு விட்டுடற ஜிஎம்தான் அதிகம், ஆனா புத்தகம் அவரைக் கட்டாயப்படுத்தல.

'அட்டாக்' தந்திரம் ஒண்ணு மட்டும் எடுத்தா மிருகம் மனித உருவங்களையும், மான்ஸ்ட்ரஸ் ஹியூமனாய்டுகளையும், மத்த மிருகங்களையும்தான் அடிக்கும். எலும்புக்கூடு வந்தா அடிக்காது. ஊஸ் வந்தா அடிக்காது. கைவிட்ட சுரங்கத்துல இந்த ரெண்டுல ஒண்ணாவது வராம இருக்குமா? அட்டாக்கை ரெண்டு தடவை எடுங்க, அப்போ எல்லாத்தையும் அடிக்கும், ரெண்டு இடம் போகும். எடுக்கலைன்னா 'புஷ்' (தெரியாததைச் செய்ய வைக்கிறது) பண்ணணும், டிசி (உருட்டல் எட்ட வேண்டிய எண்) 25.

கணக்கு: ஹேண்டில் அனிமல் (மிருகத்தை ஏவுற ஸ்கில்) ஒரு ரேங்க், கிளாஸ் ஸ்கில் +3, லிங்க் (ட்ரூயிடுக்கும் துணைக்கும் உள்ள பிணைப்பு) +4, கரிஸ்மா 10-னா மொத்தம் +8. தெரிஞ்ச தந்திரத்துக்கு டிசி 10, லிங்க் இருக்கிறதால ஃப்ரீ ஆக்ஷன். 1 விழுந்தா மட்டும் தோல்வி. மிருகம் காயப்பட்டிருந்தா டிசி 12, அப்போ 4 விழணும். புஷ் டிசி 25-க்கு 17 விழணும், 20 சதவீதம், அதோட உங்க மூவ் ஆக்ஷனும் போச்சு. நாலாவது லெவல் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரேங்க் போட்டா +11, அதுக்கப்புறம் காயம் பட்டாலும் உருட்டவே தேவையில்ல. அதுவரைக்கும் கரிஸ்மாவை 7-க்கு இறக்காதீங்க. ட்ரூயிட் போடுறவங்க எல்லாரும் இறக்குற இடம் அதுதான்.

அட்டாக் ரெண்டுக்கு அடுத்தபடி 'டவுன்' எடுக்கணும். அது தெரியாத மிருகம் எதிரி சாகிற வரைக்கும், இல்ல தானே ஓடவேண்டி வர்ற வரைக்கும் சண்டையை விடாது. சரணடைஞ்ச கோப்ளினை விசாரிக்கலாம்னு ரோக் கையைத் தூக்கும்போது புலி அவன் தொண்டையில இருக்கும். அப்புறம் கம், ஹீல் (கூடவே நடக்கிறது), டிஃபெண்ட், ஸ்டே. ஏழு ஆச்சு.

#12 பச்சைக்கண்

ஃபிளாங்க் தந்திரம்? ரோக் இருக்காரே.

#13 ஷீட்_பைத்தியம்

அது கோர் ரூல்புக்ல இல்ல, பின்னாடி வந்த அனிமல் ஆர்க்கைவ்ல வருது. மலைமுகடு கோர் மட்டும்னு சொல்லிட்டார். அனுமதி கிடைச்சா ஸ்டேயை எடுத்துட்டு அதைப் போடலாம். கிடைக்கலைன்னாலும் குடி முழுகாது: மிருகம் எந்தக் கட்டத்துல நின்னு அடிக்குதோ அதுக்கு எதிர்க் கட்டத்துக்கு ரோக் போய் நின்னுக்கலாம். அவருக்கு மூளை இருக்கு.

#14 டி20_தாத்தா

5 அடி நடைபாதையில எதிர்க் கட்டத்துக்கு எப்படிப் போவார், சுவருக்குள்ள நுழைஞ்சா? அந்தச் சுரங்கத்துல உண்மையான தொல்லையே இதுதான், வரிசை. நாலு பேர் ஒரு மிருகம், ஒத்தையடிப் பாதை. முன்னாடி நிக்கிறவர் மட்டும்தான் அடிப்பார். ஃபைட்டர் முன்னாடி போனா புலி அவர் பின்னால நின்னு உறுமிக்கிட்டு இருக்கும். நடுவுல நம்ம ஆள் நின்னா சார்ஜும் பண்ண முடியாது.

அதனால முடிவு பண்ண வேண்டியது, யார் முன்னாடி போறது. கனமான கவசம் போட்ட ஃபைட்டர் 20 அடி நடப்பார், மிருகம் 40, 50 அடி ஓடும். சுரங்கத்துல மிருகம் முன்னாடி, அதுக்கு அடுத்து ஃபைட்டர் என்பதுதான் சரியா வரும். அப்படின்னா ஏசியைத் தூக்கியே ஆகணும். கோப்ளினோட வில் +4. ஏசி 14-ஐ அடிக்க 10 போதும்.

70 காசுல 20-ஐ லெதர் பார்டிங்குக்கு (மிருகத்துக்கான தோல் கவசம்) கொடுங்க. மீடியம் மிருகத்துக்கு விலை மனிதக் கவசத்தைப் போல ரெண்டு மடங்கு, எடை அதே 15 பவுண்டு. ஏசி +2, செக் பெனால்ட்டி (கவசத்தால உருட்டல்ல கழியிறது) பூஜ்ஜியம். பூஜ்ஜியம்கிறதால கவசப் பயிற்சி ஃபீட் இல்லாமலே போடலாம், எந்த நஷ்டமும் இல்ல. இதுக்குன்னு லைட் ஆர்மர் ஃபீட் எடுக்கிறது வீண். மாட்டக் கழட்ட மனிதக் கவசத்தைவிட அஞ்சு மடங்கு நேரம் ஆகும், லெதருக்கு அஞ்சு நிமிஷம். ராத்திரி கழட்ட வேணாம், இலகுக் கவசத்தோட தூங்கினா களைப்பு வராது.

அடுத்து 200 காசு சேர்ந்ததும் மாஸ்டர்வொர்க் ஸ்டடட் லெதர். பெனால்ட்டி −1 இருந்தது மாஸ்டர்வொர்க்கால பூஜ்ஜியம் ஆகும், ஏசி +3. மூணாவது லெவல்ல பார்க்ஸ்கின் (தோலைக் கடினமாக்குற ஸ்பெல்) வரும், +2, லெவலுக்குப் பத்து நிமிஷம், கவசத்தோட சேரும். மேஜ் ஆர்மர் சேராது, ரெண்டும் ஆர்மர் போனஸ்.

#15 மலைமுகடு

வரிசையில புலி முன்னாடின்னா, ஒரு சுற்று எப்படி ஓடும்னு காட்ட முடியுமா? முழுத் தாக்குதல், 5 அடி நகர்வு எல்லாம் எனக்கு இன்னும் குழப்பம்.

#16 ஷீட்_பைத்தியம்

5 அடி நடைபாதை. 30 அடி தள்ளி ஒரு கோப்ளின், அவனுக்கு நேர் பின்னால இன்னொருத்தன்.

முதல் சுற்று. உங்க முறையில "அடி" னு ஹேண்டில் உருட்டுறீங்க: 6 + 8 = 14, டிசி 10, கேக்குது. ஃப்ரீ ஆக்ஷன், உங்க ஸ்பெல், நடை எல்லாம் இன்னும் கையில இருக்கு. புலி 25 அடி நடந்து பக்கத்துக் கட்டத்துல நிக்குது. நடந்துட்டதால ஒரே கடி. 15 + 2 = 17, ஏசி 16, பட்டுச்சு. 1டி6-ல 4, கூட 1, அஞ்சு சேதம். கோப்ளின் 1 ஹெச்பியோட நிக்கிறான். அவன் திருப்பி அடிக்கிறான், +2, புலிக்குக் கவசத்தோட ஏசி 16, அவனுக்கு 14 விழணும்.

ரெண்டாவது சுற்று. புலி நகரவே இல்ல, அதனால முழுத் தாக்குதல். கடி: 11 + 2 = 13, தப்பு. முதல் நகம்: 16 + 2 = 18, பட்டுச்சு, கோப்ளின் காலி. இப்போ கவனிங்க: இந்தச் சுற்றுல புலி வேற எங்கயும் நகரல, அதனால தாக்குதல்களுக்கு நடுவுலயே 5 அடி நகர்வு பண்ணலாம். காலியான கட்டத்துக்குள்ள நுழைஞ்சு, மிச்ச நகத்தை ரெண்டாவது கோப்ளின் மேல வீசலாம். ஓநாய்க்கு இந்தச் சௌகரியம் இல்ல, ஒரே கடி, அதோட முடிஞ்சுது. (மிருகம் தானா அடுத்தவன் மேல பாயுமா, புது உத்தரவு வேணுமான்னு ஜிஎம் கேக்கலாம். ஹேண்டில் ஃப்ரீ ஆக்ஷன்தானே, உருட்டிக் காட்டிருங்க.)

மேசையில வேகமா ஓட மூணு நிறத்துல மூணு டி20 வாங்கி வைங்க: சிவப்பு கடி, ரெண்டு கறுப்பு நகம். சேத டைஸையும் சேர்த்தே ஒரு கையில உருட்டுங்க. துணை வச்சிருக்கிறவர் ஒவ்வொரு சுற்றும் ரெண்டு நிமிஷம் கூட்டிக் கழிச்சா மத்தவங்க மொபைலை எடுத்துடுவாங்க.

#17 பச்சைக்கண்

நான் இன்னும் ஓநாயை விடல. ஊருக்குள்ள போகணும்னா? ஓநாயைப் பெரிய நாய்னு சொல்லிக் காவலரைத் தாண்டலாம். புலிய என்னன்னு சொல்வீங்க?

#18 டி20_தாத்தா

நியாயமான கேள்வி. வாசல்லயே நிறுத்திருவாங்க, வெளியில ஸ்டே சொல்லி விட்டுப் போகணும். ஸ்டேயைப் பட்டியல்ல வச்சதுக்கு அதுவும் காரணம். ஊர்லயே பாதிக் கதைன்னா என் பதில் ஓநாயோ நாயோதான். அப்புறம் ஏழுக்கு மேல போற கதைக்கு வந்து இதைப் படிக்கிறவங்களுக்காக: ஏழாவது லெவல் புலி சார்ஜ் பண்ணினா கடி ஒண்ணு, நகம் ரெண்டு, ரேக் ரெண்டு, அஞ்சும் +12. எல்லாம் பட்டா சராசரி 53.5. அதே லெவல் ஓநாய் 14.5. "யோசிக்காதே" னு சொல்றவங்க இந்த வரியைப் பார்த்துட்டுத்தான் சொல்றாங்க. அவங்களும் மறக்கிறது ஒண்ணு: எதிரிக்கு டிஆர் 10 இருந்தா ஒவ்வொரு அடியிலயும் 10 கழியும். புலியோட அஞ்சு அடியும் பட்டு மிஞ்சுறது 6. ஓநாயோட ஒரே கடியில மிஞ்சுறது 4.5. அப்போதான் மேஜிக் ஃபேங் (பல், நகத்தை மந்திர ஆயுதமாக்குற ஸ்பெல்) எதுக்குன்னு புரியும்.

பவுன்ஸை நம்பி இருக்கிறவர் என்டாங்கிள் (செடிகொடியால கட்டிப் போடுற ஸ்பெல்) போடும்போது நிதானிக்கணும். 40 அடி ஆரத்துக்கு எல்லாமே கடின நிலமாயிடும். கடின நிலத்துல சார்ஜ் கிடையாது. ட்ரூயிடே தன் புலியோட காலைக் கட்டிப் போடுற காட்சி இது, முதல் லெவல்லயும் நடக்கும்.

#19 வல்லூறு

செத்தால் என்ன செய்யிறது எண்டும் சொல்லி விடுங்கோவன். முதல் லெவலில மிருகம் சாகிறதுதான் கூட.

#20 ஷீட்_பைத்தியம்

புலிக்குக் கான் 13, −13 ஆனாத்தான் சாவு. அதுவரைக்கும் கீழ கிடக்கும், ரத்தம் போகும். ஸ்டெபிலைஸ் ஓரிசனைத் தயார் பண்ணி வச்சா எத்தனை தடவை வேணும்னாலும் நிறுத்தலாம். செத்துட்டா, புது மிருகம் வாழுற இடத்துக்குப் போய் 24 மணி நேரம் இடைவிடாத பிரார்த்தனை. காட்டு மிருகத்துக்குச் சுரங்கத்துக்குள்ள உக்காந்து பிரார்த்தனை பண்ணி வேலைக்காகாது, வெளிய வரணும். புதுசுக்குப் போனஸ் தந்திரம் மட்டும் உறுதி, மத்ததை ஜிஎம் முடிவு பண்ணுவார்.

ஃபீட்: முதல் லெவல்ல டஃப்னெஸ், ஹெச்பி +3. ரெண்டாவது லெவல்ல நகத்துக்கு வெப்பன் ஃபோகஸ். கடிக்குப் போடாதீங்க, நகம் ரெண்டு இருக்கு. நாலாவது லெவல் புள்ளியைக் கான்ல போடுங்க, 13 இருந்து 14 ஆனா ஹிட் டைஸுக்கு ஒரு ஹெச்பி. ஸ்கில் ரெண்டு ரேங்க்: பெர்செப்ஷன் ஒண்ணு, ஸ்டெல்த் ஒண்ணு.

#21 மலைமுகடு

புலிதான். ஊர் ஒரே ஒரு தடவைதான் வருமாம், ஜிஎம்கிட்ட கேட்டுட்டேன். ஆறு தந்திரமும் தெரிஞ்சே வருதுன்னும் சொல்லிட்டார். ஷீட்:

மீடியம், வேகம் 40, ஏசி 16 (லெதர் பார்டிங்), ஹெச்பி 14. சேவ் (ஆபத்தைத் தாங்குற உருட்டல்): ஃபோர்ட் +4, ரெஃப் +6, வில் (மனவுறுதி) +2. கடி +2 (1டி6+1), நகம் ரெண்டு −3 (1டி4). பெர்செப்ஷன் +6, ஸ்டெல்த் +7. டஃப்னெஸ். தந்திரம்: அட்டாக், அட்டாக் (எல்லாம்), டவுன், கம், ஹீல், டிஃபெண்ட், கார்ட் (காவல்), ஸ்டே.

#22 ஷீட்_பைத்தியம்

ரெண்டு இடம். நகத்தைச் செகண்டரின்னு நினைச்சு 5 கழிச்சிருக்கீங்க. கடி, நகம் ரெண்டுமே பிரைமரி, மூணும் +2, நகச் சேதம் 1டி4+1. செகண்டரியா வர்றது குதிரையோட குளம்பு மாதிரி சிலது. ரெண்டாவது, தந்திரங்களை எண்ணிப் பாருங்க, எட்டு இருக்கு.

#23 மலைமுகடு

கார்டை அடிச்சுட்டேன். நகமும் +2 ஆக்கியாச்சு. கறுப்பு டைஸ் ரெண்டு வீட்ல இருக்கு, சிவப்பு மட்டும் வாங்கணும்.